மூத்தவளின் கிளட்ச்

அண்ணன் இந்த மோட்டார் சைக்கிளை வாங்கியது கல்யாணத்துக்கு முன்னால். அதனால் அண்ணிக்கு அது ‘மூத்தவ’.

“மூத்தவளைக் குளிப்பாட்டி முடிச்சாச்சுன்னா, இளையவளுக்கு ஒரு வாளி தண்ணி தூக்கிக் குடுங்க” என்று மாடியிலிருந்து குரல் வரும். அண்ணன் கீழே கொட்டகையில் டேங்க்கைத் துடைத்துக்கொண்டே, “இதோ வந்துட்டேன்” என்பான். வரமாட்டான். கடைசியில் அவன் தங்கைதான் வாளியைத் தூக்குவாள்.

வீடு மாடியில் இருந்தது. கீழே முன்பக்கம் அண்ணனின் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் படச் சட்டத்துக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்பான். பெரிய தகடுகள் மரச் சட்டங்களில் சாய்ந்து நிற்கும். பின்பக்கம் தகரக் கொட்டகை. அங்கே மூத்தவளுக்குத் தனி அறை, தனி விளக்கு. “எனக்குக்கூட இப்படி ஒரு விளக்கு போட்டுத் தரல” என்பாள் அண்ணி.

இந்த வருஷம் மலைகளைத் தாண்டி, வடக்கே பனி விழுகிற இடம்வரை ஓட்டிப் போய்த் திரும்புவது என்று அண்ணன் முடிவு செய்திருந்தான். வாலிபத்தில் போட்ட திட்டம். கூட்டாளி ஒரு மெக்கானிக். வாய் ஒரு நிமிஷம் ஓயாது என்பதாலேயே எல்லோரும் அவரை சைலன்சர் என்று கூப்பிட்டார்கள். கல்யாணம், கடை, கூரை ஒழுகல் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்து, பயணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. இப்போது திடீரென்று அண்ணனுக்கு அவசரம் வந்துவிட்டது.

ஒவ்வொரு ஞாயிறும் வண்டியில் ஏதோ ஒன்று மாறியது. பின்னால் இரும்புக் குழாயில் கேரியர். இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி. காற்றைத் தடுக்க முன்னால் பிளாஸ்டிக் கண்ணாடி; அதை அண்ணனே வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கினான். சீட்டில் புதுப் பஞ்சு. ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்தினான். தங்கை பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள், அளப்பாள். அவள் இயற்பியல் படித்துவிட்டு, ஒரு பம்பு தொழிற்சாலையில் பாகங்களின் அளவைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். எதையும் அளக்காமல் நம்பவும் மாட்டாள். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் அளவுகோல்.

“அளவுகோல் மேடம், பெட்டி ரெண்டும் சமமா இருக்கா?”

“வலது பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கு.”

“ஒரு நூல்தானே? வலது பக்கம் துணி, இடது பக்கம் சட்டி பானை. சமமாயிடும்.”

எல்லாம் தூரப் பயணத்துக்கு வேண்டியதுதான். யார் கேட்டாலும் அப்படித்தான் தோன்றும். இண்டிகேட்டர் சுவிட்சையும் ஹார்னையும் இடது கைப்பிடியிலிருந்து கழற்றி வலது பக்கம் மாற்றியபோதுதான் தங்கைக்கு முதலில் உறுத்தியது. எதற்கு என்று கேட்டாள். “இடது கை கிளட்சை மட்டும் பார்த்துக்கட்டுமே. பாவம்” என்றான். பிறகு இடது கைப்பிடிக்கு மட்டும் தடித்த ரப்பர் உறை போட்டான். வலதுக்குப் போடவில்லை.

அவள் கடைக்குள் போய் உடைசல் போடும் பெட்டியைப் பார்த்தாள். வழக்கத்தைவிட நிறைந்திருந்தது. துண்டுகளின் ஓரம் நேராக வந்து, பாதியில் வழுக்கி ஓடியிருந்தது. கண்ணாடி வெட்டும்போது வலது கை வெட்டுளியை இழுக்கும். இடது கை அளவுகோலை நகராமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வழுக்கியது வலது கை இல்லை.

அன்று சாயங்காலம் கொட்டகையில் கேட்டாள்.

“அண்ணா, இடது கைக்கு என்ன?”

“மரத்துப் போகுது. தலைக்கு வெச்சுப் படுத்துட்டேன்போல.”

“எத்தனை மாசமா தலைக்கு வெச்சுப் படுத்திருக்கே?”

அண்ணன் சிரித்தான். சிரிப்பு முடிந்ததும் கையை விரித்துக் காட்டினான். சுண்டு விரலும் பக்கத்து விரலும் மற்றவற்றோடு சேராமல் கொஞ்சம் மடங்கியே நின்றன. “இது ரெண்டும் வேலைநிறுத்தம் பண்ணுது. மத்ததெல்லாம் ஒழுங்கா வேலைக்கு வருது.”

“டாக்டர்?”

“போயிட்டு வந்து பார்க்கறேன். முதல்ல பார்த்தா போகவே விடமாட்டாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “அண்ணிகிட்ட மூச்சு விடாதே. சைலன்சர்கிட்டயும்தான். அவன் காதுல போட்டா ஊருக்கே கேட்கும். எனக்கு ஒண்ணு மட்டும் செஞ்சு குடு. கிளட்ச் கல்லு மாதிரி இருக்கு. அதை லேசாக்கு. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

அவள் மறுத்திருக்கலாம். மறுத்தால் அவன் இன்னொருவரிடம் போவான், அல்லது கல்லு மாதிரி கிளட்சோடவே கிளம்புவான். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இன்னொரு காரணமும் இருந்தது. அண்ணன் இதுவரை அவளிடம் எதையும் கேட்டதில்லை.

கிளட்ச் கேபிளின் ஒரு முனை ஹேண்டிலில் உள்ள லீவரில் இருக்கும். இன்னொரு முனை என்ஜின் பக்கத்தில் ஒரு சின்ன இரும்பு ஆர்மை இழுக்கும். அந்த ஆர்ம் திரும்பினால் உள்ளே தட்டுகள் விலகும். என்ஜின் ஓடினாலும் சக்கரம் நிற்கும். ஆர்ம் நீளமானால் இழுக்கும் பாரம் குறையும். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதைவிட ஓரத்தில் தள்ளுவது சுலபம் இல்லையா, அதே கணக்கு. மேலாளரிடம் கேட்டு, தொழிற்சாலையிலேயே நல்ல எஃகுப் பட்டையில் நீளமான ஆர்ம் ஒன்று செய்தாள். துளை, பல், தடிமன் எல்லாம் அச்சு அசலாகப் பழையதைப் போல. ஓரங்களை அரத்தால் ராவி, கண்ணாடி மாதிரி தேய்த்தாள்.

பொருத்திய பிறகு லீவரில் ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்துப் பார்த்தாள். முள் பழைய பாரத்தில் பாதியிலேயே நின்றது. அண்ணன் சுண்டு விரலை விட்டுவிட்டு மீதி விரல்களால் இழுத்தான். லீவர் மறுபேச்சில்லாமல் வந்தது. திரும்ப இழுத்தான். திரும்ப.

“வெண்ணெய்டி” என்றான். “அப்படியே வெண்ணெய்.” கண் கலங்கியிருந்தது. இருவரும் அவசரமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

பாரத்தில் மிச்சம் பிடித்தால் தூரத்தில் கொடுக்க வேண்டும். அவள் பத்தாம் வகுப்பிலேயே படித்தது. ஆர்ம் நீளமானதும் அதே இழுப்புக்கு அது குறைவாகத்தான் திரும்பும். உள்ளே தட்டுகள் முழுசாக விலகாது. தராசைக் கட்டிப் பார்த்தவள் அந்தப் பக்கத்தை அளக்கவே இல்லை. வேறு யாருக்காவது செய்திருந்தால் அளந்திருப்பாள்.

அடுத்த ஞாயிறு ஒத்திகை. பெட்டிகளில் உடைந்த கண்ணாடியைச் சாக்கில் கட்டி ஏற்றினார்கள், பயணச் சுமை போல இருக்கட்டும் என்று. தங்கை பின்னால் உட்கார்ந்தாள். அண்ணி மாடியிலிருந்து, “மூத்தவகூடப் போறதுதான் போறீங்க, பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடுங்க” என்றாள். தண்ணீர் பாட்டிலைத் தங்கையிடம் தூக்கிப் போட்டாள்.

ஊருக்கு வெளியே எங்கும் நிற்க வேண்டி வராமல் வண்டி அழகாகப் போனது. அண்ணன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. வெயில். லாரிகளும் கார்களும் நெருக்கியடித்து நின்றன. என்ஜின் சூடு காலில் அடித்தது. முன்னால் ஒருவர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றார். பின்னால் கூடை.

கேட் மேலே எழத் தொடங்கியது. அண்ணன் கியர் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி, பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டரை லேசாக முறுக்கினான். வண்டி கிளம்பியிருக்கக் கூடாது. கிளம்பியது. ஒரு முட்டு முட்டிச் சைக்கிளின் பின் சக்கரத்தில் இடித்தது. அவர் கூடையோடு சாய்ந்தார். பக்கத்து லாரியின் சக்கரம் அவர் தலைக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

நல்லவேளை, லாரி நகரவில்லை. அவர் எழுந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

“கண்ணு முன்னால ஆளு நிக்கறது தெரியல? கையில என்னத்தப் பிடிச்சிட்டு நிக்கறே நீ?”

“தப்புதாங்க. மன்னிச்சிருங்க” என்றான் அண்ணன்.

“கையில பலம் இல்லாதவனுக்கு இவ்வளவு பெரிய வண்டி எதுக்கு?”

அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அண்ணன் முகம் வெளிறிப்போனதைப் பின்னாலிருந்தே தங்கையால் பார்க்க முடிந்தது, வண்டியின் பக்கக் கண்ணாடியில்.

அவள் வேறொன்றையும் பார்த்திருந்தாள். வண்டி பாய்ந்தபோது அவள் கண் அவன் தோளுக்கு மேலாக ஹேண்டிலில்தான் இருந்தது. லீவர் ரப்பர் உறையோடு ஒட்டியிருந்தது. முழு இழுப்பு. அவன் கை விடவே இல்லை.

ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீடு திரும்பும் வழியில் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

“கை போயிடுச்சு” என்றான் அண்ணன், முந்திக்கொண்டு. “பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்னு நினைச்சேன். பிடிக்கவே இல்ல.” கொஞ்ச தூரம் போனபின், “நாளைக்கு நரம்பு டாக்டர்கிட்ட எனக்குப் பேர் குடுத்துடு” என்றான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். டாக்டரைப் பார்க்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். தான் பொய் எதுவும் சொல்லவில்லையே. அவனாக நினைத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கொட்டகை விளக்கு எரியவில்லை. வண்டி மேல் துணி போர்த்தியிருந்தது. கடையில் அண்ணன் இடது கையைப் பேன்ட் பையிலேயே வைத்துக்கொண்டான். கண்ணாடி வாங்க வந்தவர்களிடமே, “கொஞ்சம் அளவுகோலைப் பிடிங்களேன்” என்றான். பெரிய தகடு கேட்டால் கையிருப்பு இல்லை என்றான். தகடு அவன் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னான். என்ன சொன்னார் என்று கேட்டால், “சொல்றதைத்தான் சொன்னார்” என்று எழுந்து போய்விட்டான்.

ஒருநாள் அடுப்படியில் தங்கை எண்ணெய் பாட்டிலை எடுத்தாள். மூடி கையோடு வந்துவிட்டது. சர்க்கரை டப்பாவின் மூடியும் அப்படியே. தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, சோப்புத்தூள் டப்பா. எதுவும் திருகி மூடப்படவில்லை. மேலே வைத்திருந்தது, அவ்வளவுதான்.

“என்ன அண்ணி, எறும்பு வந்துடாது?”

அண்ணி அவளைப் பார்க்காமல் பாத்திரம் கழுவினாள். “வந்தா வரட்டும். அவர் திறக்க முடியாம நிக்கறதை ஒருநாள் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துட்டேன். கேட்டா கோச்சுக்குவார்.” குழாயை மூடிவிட்டு, “உனக்கும் தெரியும், இல்ல?” என்றாள்.

தங்கை தலையாட்டினாள்.

“நல்ல குடும்பம்” என்றாள் அண்ணி.

அந்த வார இறுதியில் அண்ணன் சைலன்சருக்குப் போன் செய்தான். வண்டியை நீ எடுத்துக்கோ, நீ மட்டும் போயிட்டு வா, எனக்குக் கடையில வேலை இருக்கு, என்றான். பேச்சு மிகச் சாதாரணமாக இருந்தது. போனை வைத்துவிட்டு நீண்ட நேரம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

சைலன்சர் முதல் கியர் போட்டாலே, கிளட்சைப் பிடித்தும் வண்டி முன்னால் இழுப்பதைக் கண்டுபிடித்துவிடுவார். தங்கை மறுநாள் காலையில் பழைய ஆர்மையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். பழையதை மாட்டிவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஆகிவிடும். போர்வையை விலக்கி, கேபிளைத் தளர்த்திக்கொண்டிருக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

“என்ன பண்றே?”

“அவருக்கு எதுக்கு லேசான கிளட்ச்? பழசையே போட்டுடலாம்னு.”

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் செய்த ஆர்மை வலது கை விரலால் தடவினான். “வேண்டாம், விடு. எவ்வளவு அழகா ராவியிருக்கே. அவன் கையிலயாவது இருக்கட்டும். என் கைதான் இதுக்குக் குடுத்து வைக்கல.”

இதற்குப் பதில் அவன் திட்டியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள்.

“உன் கை இல்ல” என்றாள்.

“என்ன?”

“கேட்டுல. உன் கை விடல. லீவர் முழுசா உள்ளதான் இருந்தது, நான் பார்த்தேன். இந்த ஆர்ம்தான். நீளமாயிட்டதால உள்ள தட்டு சரியா விலகல. நான் அளக்கல.”

அண்ணனுக்குப் புரியவில்லை, அல்லது புரிய மறுத்தான். அவள் கேபிளை மறுபடி இறுக்கினாள். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரம் தரையைத் தொடாமல் நிறுத்தினாள். என்ஜினைக் கிளப்பி, கியர் போட்டு, தன் கையால் கிளட்சை முழுசாக இழுத்துப் பிடித்தாள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. “பிரேக்கை மிதி” என்றாள். அண்ணன் மிதித்தான். என்ஜின் முக்கி முனகி அணைந்தது.

“என் கை நல்லாத்தானே இருக்கு?” என்றாள். “பார்.”

அண்ணன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே.”

“வழியிலேயேவா?”

“ஆமா.”

“நான் ‘கை போயிடுச்சு’ன்னு சொன்னப்பவா?”

அவள் கிளட்சிலிருந்து கையை எடுத்தாள்.

“தெரிஞ்சுமா சும்மா உக்காந்திருந்தே?” அவன் கத்தவில்லை. கத்தாதது இன்னும் மோசமாக இருந்தது. “அந்த ஆளு தலை லாரிக்குக் கீழ போயிருக்கும்னு நினைச்சு நினைச்சு எனக்குச் சோறு இறங்கல. நீ பின்னால இருந்தே. உன்னைக் கொன்னிருப்பேன்னு நினைச்சேன். கண்ணாடித் தகட்டைத் தொடவே பயமா இருக்கு, யார் மேலயாவது விட்டுடுவேனோன்னு. இத்தனையும் பார்த்துட்டே இருந்தியா?”

“நீ டாக்டரைப் பார்க்கறேன்னு சொன்னே. அதான்...”

“எங்க பார்த்தேன்? வாசல்வரைக்கும் போய்த் திரும்பி வந்துட்டேன். கை போச்சுன்னு நிச்சயமாத் தெரிஞ்சப்புறம் அதை அவர் வாயால வேற கேட்கணுமா?”

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. எதற்காக வாயை மூடினாளோ, அதுவும் நடக்கவில்லை.

தெருவில் ஒரு வண்டி ஹார்ன் அடித்துப் போனது. அண்ணன் கையை நீட்டினான். “பழசைக் குடு.”

அவனே மாட்டினான். வலது கையால் ஸ்பேனரைத் திருப்பி, இடது கையால் நட்டைப் பிடிக்க முயன்றான். நட்டு நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்தாள். “நீ எடுக்காதே” என்றான். தானே தேடி எடுத்தான். மறுபடி விழுந்தது. மறுபடி எடுத்தான்.

என்ஜின் கிளம்பியது. கியர். அண்ணன் எல்லா விரல்களாலும் லீவரை இழுத்தான், உதடு கோணியது. பிரேக்கை மிதித்தான். சக்கரம் நின்றது, என்ஜின் சீராக ஓடியது. அவன் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். தங்கையைத் திரும்பிப் பார்த்தான், பழைய பழக்கத்தில்.

பிறகு சுண்டு விரல் நழுவியது. அடுத்தது அதன் பக்கத்து விரல். மீதி இரண்டும் வெளுத்து நடுங்கின. லீவர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அவன் பல்லைக் கடித்துப் பார்த்தான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

“ம்” என்றான் அண்ணன். கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். “இது நான்தான். இது வரைக்கும்தான்.”

அப்போது வாசலில் சைலன்சரின் குரல் கேட்டது. “பொண்ணு அழைக்க வந்திருக்கேன்! மூத்தவ ரெடியா? சீர்வரிசைப் பெட்டி ரெண்டும் பூட்டியிருக்கா?”

அண்ணன் எழுந்து வெளியே போனான். “இன்னிக்கு இல்லடா.”

“ஏன், மனசு மாறிடுச்சா? எனக்குத் தெரியும், நீ விடமாட்டே...”

“கை சரியில்லடா. இடது கை. ரொம்ப நாளா.”

சைலன்சர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவரை அப்படிப் பார்ப்பது எல்லோருக்கும் அதுதான் முதல் தடவை. கடைசியில், “உக்காந்து பேசலாமா?” என்றார், மிக மெதுவாக. அண்ணன், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது கூட வர முடியுமா, வாசலில் நின்று தன்னைத் திரும்ப விடாமல் பார்த்துக்கொள்ள முடியுமா, என்று கேட்டான்.

வண்டியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

சைலன்சர் போன பிறகு அண்ணன் கொட்டகைக்கு வந்தான். தங்கை ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நீளமான ஆர்மைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“இனிமே வண்டியில நீ கை வைக்கும்போது நான் பக்கத்துல இருப்பேன்” என்றான். அதில் கேலி இல்லை. அளவுகோல் என்றும் கூப்பிடவில்லை. அவள் சரி என்றாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணி பரிமாறினாள். அண்ணன் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். மூடியைத் தொட்டதுமே வந்துவிட்டது. மூடியைப் பார்த்தான். எட்டி மாத்திரை டப்பாவை எடுத்தான். அதுவும் வந்தது. அண்ணியைப் பார்த்தான். அண்ணி கரண்டியோடு அப்படியே நின்றாள்.

அவன் பாட்டிலை முட்டிகளுக்கு நடுவில் வைத்து, வலது கையால் மூடியை நன்றாக இறுக்கித் திருகினான். மேஜை மேல் அவள் பக்கமாகத் தள்ளினான்.

“எல்லாத்தையும் இப்படியே இறுக்கி மூடு” என்றான். “முடியலன்னா கேட்கறேன்.”

அண்ணி தலையாட்டினாள். அவன் கொஞ்ச நேரம் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இப்ப இதைத் திறந்து குடு” என்றான்.